எங்கள் ஊர்க் குப்பைக் கிடங்கு வழக்கும் 90 நாள் கணக்கும்

2019 ஜூலை 10, புதன்கிழமை. அன்று நான் கடலைக்குக் களையெடுக்க ஆள் விட்டிருந்தேன். அதே காலையில் ஒரு தமிழ் நாளிதழின் உள்பக்கத்தில், டெண்டர் அறிவிப்புகளுக்கு நடுவே, நான்கு விரல் அகலத்தில் ஒரு விளம்பரம் வந்திருக்கிறது. எங்கள் ஊர் மேய்க்கால் புறம்போக்கில், பக்கத்து நகரத்துக் குப்பையைக் கொண்டுவந்து தரம் பிரித்து மிச்சத்தைப் புதைக்கும் திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்துவிட்டது என்று. அந்த நாளிதழ் எங்கள் ஊருக்கு வருவதே இல்லை. ஆனாலும் அந்தக் காலையிலிருந்தே அதை எதிர்த்து வழக்குப் போட எனக்கிருந்த நாள் குறைய ஆரம்பித்துவிட்டது. அதை நான் தெரிந்துகொண்டது 79 நாள் கழித்து. இதை எழுதுவதற்குக் காரணமே அந்த 79 நாள்தான். யாராவது ஒருவர் முன்கூட்டியே சொல்லியிருந்தால் என் பணமும் தூக்கமும் பாதியாவது மிஞ்சியிருக்கும்.

கதை அதற்கும் ஒரு வருடம் முன்பே தொடங்கிவிட்டது. 2018-ல் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. ஷாமியானா போட்டு, மைக் வைத்து, மாவட்ட நிர்வாகத்தின் சார்பில் ஓர் அதிகாரி தலைமை தாங்கினார். ஊரே திரண்டு போனோம். நானும் மைக்கைப் பிடித்துப் பேசினேன். என் மாமனார் வெட்டிய கிணறு, எங்கள் ஏரி, ஆடு மாடு மேயும் நிலம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். பேசப் பேசத் தொண்டை அடைத்தது, கை தட்டினார்கள். வேலை முடிந்தது என்று நினைத்து வீட்டுக்கு வந்துவிட்டேன். பிறகு கூட்ட நடவடிக்கைக் குறிப்பை வாங்கிப் பார்த்தபோது, நான் பேசியது ஒரே வரியாக இருந்தது: துர்நாற்றம் வரும் என்று சிலர் அச்சம் தெரிவித்தார்கள். கிணறும் இல்லை, ஏரியும் இல்லை.

2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பே விளம்பரம் வர வேண்டும். திட்டத்தால் வரும் பாதிப்பை மதிப்பிட்ட வரைவு அறிக்கையும் அதன் தமிழ்ச் சுருக்கமும் ஆட்சியர் அலுவலகம் போன்ற இடங்களில் பார்வைக்கு இருக்க வேண்டும். கூட்ட முடிவில் நடவடிக்கைக் குறிப்பை எல்லார் முன்னிலையிலும் உள்ளூர் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். அந்த நேரத்தில் எங்களில் முக்கால்வாசிப் பேர் பால் கறக்கப் போய்விட்டோம். இப்போது யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: மைக்கில் பேசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பேசப் போவதை முதல் நாளே தாளில் எழுதி, இரண்டு படி எடுத்து, ஒன்றைக் கூட்டத்தில் கொடுத்து, இன்னொன்றில் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். முடிவில் வாசிக்கும்வரை இரண்டு பேராவது அங்கேயே இருங்கள். நீதிமன்றத்தில் பிறகு கேட்கப்படுவது, இந்த ஆட்சேபனையை அப்போதே சொன்னீர்களா, அதற்குப் பதில் தந்தார்களா என்பதுதான். கைதட்டல் அங்கே ஆதாரம் ஆகாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்ட் 21-ஆம் தேதி காலையில் ஜேசிபி வந்து புறம்போக்கில் இருந்த வேலிக்காத்தான் புதரை அள்ள ஆரம்பித்தது. விளம்பரம் வந்து அன்றைக்கு 42-ஆவது நாள். எங்கள் ஊரில் அப்போது ஊராட்சித் தலைவரே இல்லை. 2016-லிருந்து உள்ளாட்சித் தேர்தல் நடக்காமல் தனி அலுவலர் பொறுப்பில் ஊராட்சி இருந்த காலம் அது. யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் போனேன். “அனுமதி வந்து ஒரு மாசத்துக்கு மேலாகுதும்மா, பேப்பர்லகூட போட்டாங்களே” என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கிணற்று மேட்டில் போய் உட்கார்ந்து ரொம்ப நேரம் அழுதேன்.

அடுத்த இரண்டு நாளில் நான் செய்த ஒரு நல்ல காரியம், தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டது. பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, அனுமதி ஆணையின் நகல் ஊராட்சிக்கு எந்தத் தேதியில் வந்தது, அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டதா என்று கேட்டேன். பக்கத்து ஊரில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் எழுதிக் கொடுத்தார். திட்டக்காரர்கள் அனுமதி நகலை உள்ளாட்சிக்குத் தர வேண்டும், உள்ளாட்சி அதை 30 நாள் காட்சிக்கு வைக்க வேண்டும் என்ற விதி இருப்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நகல் வந்ததாகப் பதிவு இல்லை என்று ஒரு மாதத்துக்குள் பதில் வந்தது. அந்த ஒற்றைத் தாள்தான் பின்னால் என்னைக் காப்பாற்றியது.

அதே வாரத்தில் நான் செய்த தவறு, எங்களுக்குப் பாகப் பிரிவினை வழக்கு நடத்திய வக்கீலிடம் போனது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருக்குத் தெரிந்ததைத்தான் செய்தார். உயர் நீதிமன்றத்தில் ரிட் (அரசின் முடிவை எதிர்த்து நேராக அங்கே போடும் மனு) போட்டால் உடனே தடை கிடைக்கும் என்றார். கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து 40,000 ரூபாய் கொடுத்தேன். ஆகஸ்ட் 29-ல், அதாவது 50-ஆவது நாள், ரிட் தாக்கலானது. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து பஸ் பிடித்து பாரிமுனையில் இறங்குவேன். ஒருமுறை எதிர்த் தரப்பு பதில் மனுவுக்கு அவகாசம் கேட்டது, இன்னொரு முறை வழக்கு அழைக்கவே இல்லை. செப்டம்பர் 27-ஆம் தேதி அரசு வக்கீல் எழுந்து, இதற்கென்று, சுற்றுச்சூழல் வழக்குகளை மட்டும் பார்க்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இருக்கும்போது இங்கே ஏன் வந்தார்கள் என்று கேட்டார். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. தீர்ப்பாயத்தை அணுகலாம் என்று சொல்லி மனுவை முடித்து வைத்தார்கள். என் வழக்கின் நியாயத்தை யாரும் ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

வெளியே வராந்தாவில் நின்றுகொண்டிருந்தபோது, வேறு வழக்குக்காக வந்திருந்த ஓர் இளம் பெண் வக்கீல் என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னம்மா என்று கேட்டார். சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி: “அனுமதி எந்தத் தேதிம்மா வெளியானது?” அந்தக் கேள்வியை அதுவரை யாருமே கேட்டிருக்கவில்லை. சொன்னதும் மனக்கணக்குப் போட்டார். “இன்னைக்கு 79. உங்களுக்கு இன்னும் 11 நாள்தான் இருக்கு” என்றார்.

இதைக் கொஞ்சம் விளக்கியே ஆக வேண்டும். 2010-ஆம் ஆண்டின் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 16-ஆவது பிரிவுப்படி, சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 30 நாள். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். மொத்தம் 90. 91-ஆவது நாள் போனால், காரணம் எவ்வளவு நியாயமாக இருந்தாலும் மன்னிக்கத் தீர்ப்பாயத்துக்கே அதிகாரம் இல்லை. நமக்கு நேரில் தெரிந்த நாளிலிருந்து அது எண்ணப்படும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது. விளம்பரம், இணையத்தில் ஏற்றியது என்று பொதுவாக அறிவித்த முதல் நாளைப் பிடித்துத்தான் எதிர்த் தரப்பு வாதாடும். அந்த நாளிலிருந்தே நீங்களும் எண்ணுங்கள். இது அனுமதியை எதிர்ப்பதற்கான கணக்கு. மற்றச் சுற்றுச்சூழல் தகராறுகளுக்கு 14-ஆவது பிரிவில் 6 மாதம். மாசால் ஏற்பட்ட சேதத்துக்கு இழப்பீடு கேட்பதென்றால் 15-ஆவது பிரிவில் 5 ஆண்டு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் இசைவாணையை (இயங்குவதற்கான ஒப்புதலை) எதிர்ப்பதற்கு வழியே வேறு: முதலில் அதற்கென்று உள்ள மேல்முறையீட்டு அதிகார அமைப்பு, அதன் பிறகே தீர்ப்பாயம். தூத்துக்குடி ஸ்டெர்லைட் வழக்கில் 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இந்தப் படிவரிசையைத்தான் சுட்டிக்காட்டி, தீர்ப்பாயத்தின் உத்தரவை ரத்து செய்தது. அவ்வளவு பெரிய வழக்கே வாசல் மாறியதில் சிக்கியது என்றால் நாமெல்லாம் எம்மாத்திரம்? கையில் இருக்கும் உத்தரவு எது, அதைக் கொடுத்தது யார், எந்தச் சட்டத்தில் கொடுத்தார்கள் என்பதைப் பார்த்துவிட்டுத்தான் வக்கீலைத் தேட வேண்டும்.

இன்னொரு வித்தியாசமும் எனக்கு அப்போது தெரியாது. ரிட் மனுவில் உயர் நீதிமன்றம் பெரும்பாலும் முடிவு எடுத்த முறை சரியா என்றுதான் பார்க்கும். நிலத்தடி நீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்ற கேள்விக்குள் அது இறங்காது. தீர்ப்பாயத்தில் நீதித் துறை உறுப்பினரோடு நிபுணர் உறுப்பினரும் அமர்கிறார், அறிக்கையின் உள்ளே போய்ச் சரி தவறு பார்க்கும் அதிகாரமும் உண்டு. இழப்பீடு கேட்காத மேல்முறையீட்டுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். வக்கீல் இல்லாமல் நாமே நேரில் வாதாடவும் சட்டம் இடம் தருகிறது. ஆனால் நான் பார்த்தவரை, மனு எழுதவாவது தெரிந்தவர் ஒருவர் வேண்டும்.

அந்த ஒரு வாரம் எப்படிப் போனது என்று இப்போதும் சரியாக நினைவில்லை. அனுமதி ஆணையையும் முழு அறிக்கையையும் பரிவேஷ் என்ற மத்திய அரசுத் தளத்திலிருந்து எடுத்தோம், 400 பக்கத்துக்கு மேல். தமிழில் இருந்த கிராம சபைத் தீர்மானம், அடங்கல் (நிலப் பயிர்க் கணக்கு), தகவல் உரிமைப் பதில் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் பெயர்க்க வேண்டியிருந்தது. மொழிபெயர்ப்பு, தட்டச்சு, நகல் என்று இதற்கு மட்டும் 22,000 ரூபாய் ஆனது. அந்தப் பெண் வக்கீல் இரண்டு ராத்திரி தூங்கவில்லை. அக்டோபர் 4, வெள்ளிக்கிழமை, 86-ஆவது நாள், சேப்பாக்கம் கலச மகாலில் இருக்கும் தீர்ப்பாயத்தில் தாக்கல் செய்தோம். அதைத் தாண்டினால் சனி, ஞாயிறு, திங்கள் ஆயுத பூஜை, செவ்வாய் விஜயதசமி. அந்தச் செவ்வாய்தான் 90-ஆவது நாள்.

தாக்கல் செய்ததும் முடிந்துவிடவில்லை. 30 நாளுக்குப் பிந்திய 56 நாள் தாமதத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும். அதற்கே தனி மனு, தனி வாதம். நாளிதழ் ஊருக்கு வராதது, ஊராட்சிக்கு நகல் வராதது, ரிட்டில் போன நாள்கள் என்று ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தாள் காட்டினோம். தகவல் உரிமைப் பதிலைப் படித்ததும் தாமதத்தை மன்னித்தார்கள். அந்தத் தகவல் உரிமை மனுவைப் போடும்போது எனக்கு இருந்தது வெறும் ஆற்றாமை. அதைத் தாளில் இறக்கியதுதான் பயன்பட்டது.

அப்புறம்தான் உண்மையான வழக்கு. நான் எப்போதும் என் கிணற்றைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். எல்லைக் கல்லிலிருந்து 110 மீட்டர். அப்போது நடப்பில் இருந்த 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளில், குப்பை புதைக்கும் இடம் ஆற்றிலிருந்து 100 மீட்டர், குளத்திலிருந்து 200 மீட்டர், நெடுஞ்சாலை, குடியிருப்பு, பொதுப் பூங்கா, குடிநீர் வழங்கும் கிணறு ஆகியவற்றிலிருந்து 200 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று இருந்தது. பாசனக் கிணறு அந்தப் பட்டியலில் வராது என்று எதிர்த் தரப்பு சொன்னபோது எனக்கு நெஞ்சே அடைத்துவிட்டது. ஒரு வருடத்துக்கு மேலாக நான் பிடித்துத் தொங்கிய கயிறு அதுதானே. ஆனால் அன்றைக்கு ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில், எங்கள் மேல்நிலைத் தொட்டிக்கு நீரேற்றும் ஊராட்சிக் கிணறு எங்கே இருக்கிறது என்று யோசித்தேன். ஓடைக் கரையில், வேலிக்காத்தான் மறைப்பில். மறுநாள் டேப் பிடித்து அளந்தோம். 168 மீட்டர். அறிக்கையில் அந்தக் கிணறே இல்லை. ஆகவே விதியை எடுத்து ஒவ்வொரு சொல்லாகப் படியுங்கள். நம் மனசுக்கு நெருக்கமான சேதமும் விதி பெயர் சொல்லிக் காக்கும் பொருளும் பல நேரம் வேறு வேறாக இருக்கும்.

ஓய்வுபெற்ற நிலத்தடி நீர் வல்லுநர் ஒருவருக்கு 30,000 ரூபாய் கொடுத்து ஆய்வு செய்தோம். கொடுக்கும்போது கை நடுங்கியது, ஆனால் மொத்தச் செலவில் மிகச் சரியாகச் செலவான பணம் அதுதான். அவர் ஒன்பது கிணறுகளில் நீர்மட்டம் பார்த்து, தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று வரைந்து காட்டினார். புதைகுழியின் அடியில் 90 சென்டிமீட்டர் களிமண்ணும் அதன் மேல் ஒன்றரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக் விரிப்பும் வேண்டும், களிமண்ணின் அடியிலிருந்து நிலத்தடி நீர் குறைந்தது 2 மீட்டர் கீழே இருக்க வேண்டும் என்பது அந்த விதி. அறிக்கையில் நீர்மட்டம் 9 மீட்டர் என்று போட்டிருந்தார்கள். அளந்தது மே மாதத்தில். வடகிழக்குப் பருவமழை முடிந்த டிசம்பரில் எங்கள் கிணறுகளில் மூன்றரை மீட்டரில் தண்ணீர் நிற்கும். குழியின் ஆழமே 4 மீட்டர். அப்படியென்றால் குப்பைச் சாறு நேராகக் குடிதண்ணீரில்தான் உட்காரும். உங்கள் ஊரில் இப்படி ஒரு திட்டம் வரும் என்று காதில் விழுந்தாலே, அன்றிலிருந்து மாதம் ஒருமுறை கயிறு விட்டு அளந்து தேதியோடு நோட்டில் எழுதுங்கள். குப்பை வருவதற்கு முன்பே தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்து உப்பு, நைட்ரேட், குளோரைடு அளவுகளை வாங்கி வையுங்கள். பழைய அளவு கையில் இல்லை என்றால், கெட்டுப்போன பிறகு கெட்டுப்போனது என்று காட்டவே முடியாது.

தீர்ப்பாயம் கூட்டுக் குழு ஒன்றை அமைத்து, 2020 ஜனவரியில் இடத்தைப் பார்க்க அனுப்பியது. அந்த நாளை மட்டும் தவற விடாதீர்கள். குழு வருவதற்கு முன் நாங்கள் புதரை வெட்டி ஊராட்சிக் கிணற்றுக்கு வழி செய்து வைத்தோம். பத்துப் பேர் மட்டும் போனோம், கோஷம் வேண்டாம் என்று இளைஞர்களிடம் கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். குழுவினர் தங்கள் கருவியில் அளந்தபோதும் தூரம் 200-ஐத் தொடவில்லை. அது குழுவின் அறிக்கையில் ஏறியது.

பிறகு கொரோனா. மாதக்கணக்கில் எதுவும் நகரவில்லை. விசாரணை காணொளிக்கு மாறியதும் பஸ் செலவு மிச்சமானது, ஆனால் செல்போன் சிக்னலுக்காக வைக்கோல் போர் மேல் ஏறி உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். அந்த இடைவெளியில் எங்களுக்கு ஒரு பலமும் சேர்ந்தது. பெங்களூரு புறவட்டச் சாலை வழக்கில் 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், பழைய தரவை வைத்துத் தயாரித்த அறிக்கையை ஏற்காமல் புதிதாக ஆய்வு செய்யச் சொன்னது. எங்கள் ஊர்த் திட்ட அறிக்கையின் அளவீடுகள் 2015-ல் எடுத்தவை. விண்ணப்பம் 2018. அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது முடிவுரையை அல்ல, அளவெடுத்த தேதிகளை.

2021 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. அனுமதியை ரத்து செய்யவில்லை. நிறுத்தி வைத்து, கிணறுகளையும் மழைக்காலத்து நீர்மட்டத்தையும் சேர்த்துப் புதிதாக ஆய்வு செய்து, மறுபடி பரிசீலிக்கச் சொன்னார்கள். ஊரில் வெடி போட்டார்கள். எனக்குச் சந்தோஷமும் பயமும் கலந்து வந்தது. இந்த வகை வழக்குகளில் ஜெயித்தாலும் பெரும்பாலும் கிடைப்பது இதுதான்: முடிவு திரும்பவும் முடிவெடுத்தவர் கைக்கே போகும், இந்த முறை ஒழுங்காகப் பார் என்ற உத்தரவோடு. அவர்கள் குறையைச் சரி செய்துகொண்டு மறுபடி வரலாம். இதை வக்கீல் முதல் நாளே எனக்குச் சொல்லியிருந்தார், நான்தான் காதில் வாங்கவில்லை.

செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். வீணான ரிட்டுக்கு 40,000, தீர்ப்பாய வக்கீலுக்கு 55,000 (அவர் பாதிதான் வாங்கினார்), வல்லுநருக்கு 30,000, மொழிபெயர்ப்பும் நகலும் 22,000, போக்குவரத்து 38,000, தண்ணீர்ப் பரிசோதனை 9,000, கட்டணம் 1,000. மொத்தம் 1,95,000 ரூபாய். ஊரில் வசூலானது 62,000. மிச்சம் என் தலையில். ஒரு போகம் கடலை கவனிப்பில்லாமல் போனது இதில் சேரவில்லை. வசூலிக்கும்போதே நோட்டுப் போட்டு, ரசீது கொடுத்து, மாதாமாதம் கோயில் திண்ணையில் வாசித்துக் காட்டுங்கள். நான் அதை ஆறு மாதம் கழித்துத்தான் ஆரம்பித்தேன். அதற்குள் பேசக் கூடாததையெல்லாம் பேசிவிட்டார்கள். எதிர்த் தரப்பு தந்த வேதனையைவிட அது அதிகம்.

இன்னொன்று. நகரத்துக் குப்பை எங்காவது போய்த்தான் ஆக வேண்டும், அது எனக்கும் தெரியும். கூட்டுக் குழுவில் வந்த ஒரு பொறியாளர் என்னிடம் நேராகவே கேட்டார், இங்கே வேண்டாம் என்றால் எங்கேம்மா என்று. அவருக்கு நான் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. இப்போது என்றால், 168 மீட்டரில் குடிதண்ணீர்க் கிணறு இல்லாத இடத்தில் என்று சொல்வேன்.

புது ஆய்வுக்கான அளவெடுப்பு நடந்துகொண்டிருந்தபோது, இந்த முறை ஒவ்வொரு கிணற்றுக்கும் நானே கூட்டிப்போய்க் காட்டினேன். மார்கழி, தை இரண்டு மாதமும் அளந்தார்கள். சங்கிலியை இன்னும் மீட்கவில்லை. எங்கள் ஊருக்கு வராத அந்த நாளிதழை இப்போது டவுனுக்குப் பால் வண்டியில் போகும் பையனிடம் சொல்லித் தினமும் வாங்குகிறேன், டெண்டர் பக்கத்தைத்தான் முதலில் பிரிக்கிறேன்.